இன்றியமையாதவர் யார்? பயனுடைய பணியாளரைக் குறித்த திருமறைச் சிந்தனை

பிரிவுபசாரக் கூட்டங்களில் தவறாது கேட்கப்படும் பாராட்டு ஒன்று உண்டு. "இவர் இல்லாவிட்டால் இங்கு ஒன்றும் நடந்திராது" என்பதே அது. மாறிச் செல்லும் ஆயரைக் குறித்தும், ஓய்வு பெறும் தலைமையாசிரியரைக் குறித்தும், பல்லாண்டுகள் கணக்கு எழுதிய பொருளாளரைக் குறித்தும் இவ்வாறு கூறுகிறோம். கூறுபவர் நன்றியுணர்வோடு கூறுகிறார். கேட்பவரும் உள்ளம் மகிழ்கிறார். ஆயினும், கூட்டம் கலைந்தபின் சற்றே சிந்தித்தால் வேறொரு வினா எழுகிறது. இவர் சென்ற பின்னர் இங்குப் பணி நடைபெறுமா? நடைபெறுமாயின் இவர் எவ்வகையில் இன்றியமையாதவர்? நடைபெறாதாயின் இவர் இத்தனை ஆண்டுகள் கட்டியெழுப்பியது எதனை?

இவ்வினா ஆயர்களை இரு திசைகளிலிருந்து வந்தடைகிறது. புதிதாக வேலையில் அமர்ந்த இளைஞர், தம்மை எவரும் விலக்க இயலாத நிலையை எவ்வாறு அடைவது என்று கேட்கிறார். ஆட்குறைப்பு எந்நாளும் நிகழலாம் என்னும் அச்சம் அவருக்குண்டு. பணி ஓய்வு பெற்றவரோ, நோயுற்றுப் படுக்கையிலிருப்பவரோ, தாம் இனி எவருக்கும் வேண்டாதவர் என்று சொல்லிக் கலங்குகிறார். முன்னவருக்கு ஊக்கமும் பின்னவருக்கு ஆறுதலும் கூறி நாம் விடைபெற்று வந்துவிடுகிறோம். ஆனால் இருவருடைய உள்ளத்திலும் இருப்பது ஒரே கேள்விதான். மனிதன் எதனால் மதிப்புப் பெறுகிறான்? பிறருக்கு வேண்டியவனாக இருப்பது என்றால் என்ன? இதற்குத் திருமறை தரும் விடையை ஆராய்ந்து, அது நம் நாட்டுத் திருப்பணி வரலாற்றில் எவ்வாறு செயலுருப் பெற்றது என்பதையும், நம் அன்றாட ஊழியத்திற்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதையும் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. 'பயனுள்ளவன்' என்னும் சொல்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'யூக்ரேஸ்டோஸ்' என்னும் சொல் மூன்று இடங்களில் மட்டுமே வருகிறது. ஒரு வீட்டிலுள்ள பாத்திரங்களைப் பற்றிப் பேசுமிடத்தில், தலைவனுக்குப் பயன்படும் பாத்திரத்தைக் குறிக்க இச்சொல் கையாளப்படுகிறது (2 தீமோ. 2:21). மற்ற இரண்டு இடங்களில் அது மனிதரைக் குறிக்கிறது. ஒருவர் மாற்கு (2 தீமோ. 4:11), மற்றவர் ஒநேசிமு (பிலே. 11). நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முதலிடத்தில் 'உபயோகமான' என்றும், ஏனைய இரண்டிடங்களில் 'பிரயோஜனமுள்ளவன்' என்றும் இதனைத் தருகிறது.

இது உயர்ந்த சமயச் சொல்லன்று. வீட்டிலும் சந்தையிலும் வழங்கிய சொல். கையாளுவதற்கு ஏற்றது, வேண்டியபோது உதவுவது என்பதே அதன் பொருள். இச்சொல்லைப் பெற்ற இருவரும் தொடக்கத்தில் பயனற்றவர்களாகவே எண்ணப்பட்டனர் என்பது நாம் கருதத்தக்கது. ஒருவர் பணியைப் பாதியில் விட்டுத் திரும்பியவர். மற்றவரைப் பவுலே முன்னர்ப் பயனற்றவர் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுகிறார். ஆகவே பயனுடைமை என்பது பிறவியிலேயே சிலருக்கு அமைந்து, சிலருக்கு மறுக்கப்பட்ட பண்பன்று. ஒருவர் பயனுள்ளவராக ஆகிறார். அவர் எவ்வாறு அவ்வாறு ஆனார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

2. மாற்கு: திரும்பி வந்த பணியாளர்

யோவான் என்னும் மறுபெயர் கொண்ட மாற்கு எருசலேமில் ஓரளவு வசதியான இல்லத்தைச் சேர்ந்தவர். அவருடைய தாய் மரியாளின் வீட்டில் பலர் கூடி மன்றாடினர் (அப். 12:12). பர்னபா அவருக்கு நெருங்கிய உறவினர் (கொலோ. 4:10). முதல் பயணத்தில் அவர் பர்னபாவுக்கும் சவுலுக்கும் உதவியாளராகச் சென்றார் (அப். 13:5). உதவியாளர் என்பதற்கு லூக்கா பயன்படுத்தும் 'ஹூப்பெரெட்டேஸ்' என்னும் சொல்லையே, நாசரேத்துத் தொழுகைக் கூடத்தில் சுருளை வாங்கி வைத்த பணியாளருக்கும் அவர் பயன்படுத்துகிறார் (லூக். 4:20). சுருளை எடுத்துக் கொடுப்பதும், திரும்ப வாங்கி உரிய இடத்தில் வைப்பதும் போன்ற பணிகளுக்குரிய சொல் அது. மாற்கின் ஊழியம் இத்தகைய சிறிய இடத்தில் தொடங்கிற்று.

பம்பிலியாவிலுள்ள பெர்கே பட்டணத்தை அடைந்ததும் அவர் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பினார் (அப். 13:13). காரணம் கூறப்படவில்லை. வீட்டு நினைவு, மலைப்பாதையின் அச்சம், தலைமை மாறியதில் மனக்குறை எனப் பலரும் பலவாறு ஊகித்துள்ளனர். லூக்கா காட்டாத காரணத்தை நாம் படைக்க வேண்டுவதில்லை. பவுல் அதனைக் கைவிடுதல் என்றே கருதினார் என்பது மட்டும் தெளிவு. இரண்டாம் பயணத்திற்கு அவரை அழைத்துச் செல்ல மறுத்தார். இதனால் எழுந்த கருத்து வேறுபாடு மிகக் கடுமையாயிற்று. பர்னபா மாற்கை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பலேறினார், பவுல் சீலாவோடு வேறு வழி சென்றார் (அப். 15:36-40).

அதற்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்றும் கூறவில்லை. பின்னர் கொலோசெயருக்கு எழுதிய திருமுகத்தில் மாற்கு பவுலின் அருகில் இருக்கிறார். பிலேமோனுக்கு எழுதியதில் உடன் உழைப்பவராக எண்ணப்படுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்திலோ, அவரை அழைத்து வரும்படியும், ஊழியத்திற்கு அவர் பயனுள்ளவர் என்றும் கூறப்படுகிறது. இத்திருமுகத்தைப் பவுலே எழுதினாரா என்பது குறித்து அறிஞரிடையே வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், தொடக்கத் திருச்சபை மாற்கைக் கைவிட்டுச் சென்றவராக அன்றிப் பயனுள்ளவராகவே நினைவில் கொண்டது என்பதில் ஐயமில்லை. அவர் பேதுருவின் மொழிபெயர்ப்பாளராக இருந்தார் என்னும் பப்பியாவின் சான்றையும் யூசேபியு தம் வரலாற்றில் பாதுகாத்துள்ளார். மொழிபெயர்ப்பாளர் தம் சொந்தச் சொல்லை நிலைநாட்ட நிற்பவரல்லர். ஒருவர் கூறுவது மற்றவருக்குச் சென்று சேரவேண்டும் என்பதற்காகவே நிற்பவர்.

மாற்கின் வாழ்விலிருந்து இரண்டு செய்திகளைப் பெறலாம். முதலாவது, ஒரு தோல்வி ஒருவருடைய பயனுடைமையை முடித்துவிடுவதில்லை. இரண்டாவது, இழந்த மதிப்பைத் தன்னைப் பற்றி வாதாடி எவரும் மீட்பதில்லை. மாற்கு தம் சார்பாகப் பேசிய ஒரு சொல்கூட நமக்கு எழுதி வைக்கப்படவில்லை. அவர் மீண்டும் பணியில் காணப்படுகிறார்; அவ்வளவே.

3. பர்னபா: பிறரைப் பயனுள்ளவராக்கியவர்

ஆனால் மாற்கு தாமாகவே எழுந்து நின்றார் என்று கூறுவதும் முழு உண்மையாகாது. அவரை மீண்டும் அழைத்துச் சென்ற ஒருவர் இருந்தார். பர்னபா இவ்வாறு செய்வது இது முதன்முறையன்று. எருசலேமின் சீடர்கள் சவுலை நம்ப அஞ்சியபோது அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்றவர் பர்னபா (அப். 9:26-27). அந்தியோகியாவில் பணி பெருகியபோது, தர்சு பட்டணம் வரை சென்று சவுலைத் தேடிக் கண்டு அழைத்து வந்தவரும் அவரே (அப். 11:25-26).

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். முதல் பயணத்தின் தொடக்கத்தில் லூக்கா 'பர்னபாவும் சவுலும்' என்று எழுதுகிறார். பெர்கேயைக் கடந்த பின்னர்ப் பெரும்பாலும் 'பவுலும் பர்னபாவும்' என்று வரிசை மாறுகிறது. தேடி அழைத்து வந்தவர் இரண்டாமிடத்திற்குச் சென்றார். சீப்புருவுக்குக் கப்பலேறிய பின்னர் அப்போஸ்தலர் நடபடிகளில் அவர் பெயரே மறைந்துவிடுகிறது. புதிய ஏற்பாட்டின் நூற்தொகுதியில் பர்னபாவின் பெயரால் ஒரு நூலும் இல்லை. ஆனால் அவர் கைதூக்கிவிட்ட இருவரில் ஒருவர் பெயரால் பதின்மூன்று திருமுகங்களும், மற்றவர் பெயரால் ஒரு நற்செய்தி நூலும் அத்தொகுதியில் உள்ளன. பர்னபா இன்றியமையாதவரா? அவருடைய இருக்கையைப் பார்த்தால் அல்லர் எனத் தோன்றும். அவர் வழியாக எழுந்தவர்களைப் பார்த்தால் விடை வேறாகும்.

வேலைக்குச் செல்லும் இளைஞருக்கு நாம் கூறவேண்டியதும் இதுவே. தம் திறமையைத் தம்மிடமே வைத்துக்கொள்பவர் ஒருவராகவே பணியாற்றுகிறார். தாம் அறிந்ததை மற்றவருக்குக் கற்பிப்பவர் பலராகப் பணியாற்றுகிறார். பின்னவருக்கு முதலிடம் கிடைக்காமற் போகலாம். அவர் கற்பித்தவரே அவருக்கு மேலதிகாரியாக வரவும் கூடும். இதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. இவ்விழப்பு பர்னபாவுக்கும் நேர்ந்தது என்று கூறுவதே நேர்மை.

4. ஒநேசிமு: பயனுடைமையின் எல்லை

'பயனுள்ளவன்' என்னும் சொல்லுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. ஒநேசிமு என்னும் பெயரின் பொருளே பயன் தருபவன் என்பதாகும். அடிமைகளுக்கு அக்காலத்தில் மிகுதியாக இடப்பட்ட பெயர் அது. தலைவன் தான் எதிர்பார்ப்பதையே அடிமைக்குப் பெயராகச் சூட்டினான். அரிஸ்டாட்டில் அடிமையை உயிருள்ள கருவியாக வகைப்படுத்தியதை நாம் அறிவோம். கருவி பயன்படும்வரை பேணப்படும். பயன் தீர்ந்தால் எறியப்படும். மனிதரைப் பயனால் மட்டுமே அளக்கும் உலகம் இன்றும் இதையேதான் செய்கிறது. அளவுகோல் மட்டுமே புதியது.

பவுல் இச்சொல்லைக் கையாளும் முறையை வரிசையாகக் காணவேண்டும். முதலில் ஒநேசிமுவைத் தம் சிறையிருப்பில் பெற்ற பிள்ளை என்கிறார் (வச. 10). அதன் பின்னரே பயனற்றவர், பயனுள்ளவர் என்னும் சொல் விளையாட்டு வருகிறது (வச. 11). அடுத்துத் தம் உள்ளமே அவர் என்கிறார் (வச. 12). பின்னர் அடிமையாக அன்றி அன்பான சகோதரனாக அவரை ஏற்கும்படி வேண்டுகிறார் (வச. 16). பிள்ளை என்பது முன்னும் சகோதரன் என்பது பின்னும் நிற்க, பயனுள்ளவர் என்பது நடுவில் நிற்கிறது. பயன் உறவுக்குக் காரணமன்று. உறவின் விளைவே பயன். அவரிடம் பட்ட கடன் ஏதேனும் இருப்பின் அதைத் தம் கணக்கில் வைக்கும்படி தம் கையாலேயே பவுல் எழுதிக் கொடுக்கிறார் (வச. 18-19). பயனற்றுப் போனவருக்காகவும் ஒருவர் கடன் ஏற்கிறார் என்பதே நற்செய்தியின் சாரம் அன்றோ!

இதே உண்மையைக் கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் மற்றொரு சொல்லால் விளக்குகிறார். 'இன்றியமையாதவை' என்று பொருள்படும் 'அனங்காயா' என்னும் கிரேக்கச் சொல்லை அவர் உடலின் எவ்வுறுப்புகளுக்கு வழங்குகிறார்? கண்ணுக்கோ, தலைக்கோ அன்று. வலுக்குறைந்தவையாகத் தோன்றும் உறுப்புகளுக்கே வழங்குகிறார் (1 கொரி. 12:22). திறமையால் உயர்ந்தோர் தம்மையே சபையின் தூண்கள் என்று எண்ணிய ஒரு நகரத்தில் இது எழுதப்பட்டது. வலுக்குறைந்தவர் இல்லாத சபை விரைவாக இயங்கக்கூடும். ஆனால் அது கிறிஸ்துவின் உடலாக இராது. ஒருவர் துன்புற்றால் அனைவரும் துன்புறும் இயல்பை (வச. 26) அது இழந்துவிடும்.

எனவே, தாம் எவருக்கும் வேண்டாதவர் என்று கூறும் முதியவரிடம், "நீங்களும் ஏதாவது செய்யலாமே" என்று ஒரு வேலையைத் தேடிக் கொடுப்பது மட்டும் போதிய விடையாகாது. அதுவும் நல்லதே. ஆயினும், ஒன்றும் செய்ய இயலாத நாளிலும் அவர் இவ்வுடலுக்கு இன்றியமையாதவர் என்பதை நாம் நம்பவேண்டும். அவரைச் சந்திக்கச் செல்வதாலும், திருவிருந்தை அவர் படுக்கையண்டை கொண்டு செல்வதாலும், முடிவெடுக்கும்போது அவர் கருத்தைக் கேட்பதாலும் அந்நம்பிக்கையைக் காட்டவேண்டும்.

5. இருவகை இன்றியமையாமை

மேற்கூறியவற்றால் பிறருக்கு வேண்டியவராதல் இருவகைப்படும் என அறியலாம். நான் இல்லாவிடில் பணி நின்றுவிடும் என்னும் நிலை ஒன்று. நான் இருந்ததனால் பிறர் பணி செய்ய வல்லவராயினர் என்னும் நிலை மற்றொன்று.

முதல் நிலையில் மோசே இருந்தார். காலை முதல் மாலை வரை மக்கள் அவர் முன் நின்றனர். வழக்கு ஒவ்வொன்றையும் அவரே தீர்த்தார். அவருடைய நோக்கம் தூயது. ஆனால் மாமனாராகிய எத்திரோ, இது நல்லதன்று என்று நேராகவே கூறினார். களைத்துப்போவது மோசே மட்டுமன்று, மக்களுமே களைத்துப்போவர் என்பது அவர் கண்ட உண்மை (யாத். 18:18). ஒருவரே அனைத்தையும் செய்யுமிடத்தில், செய்பவர் உழைப்பால் சோர்கிறார். மற்றவர் காத்திருப்பதால் சோர்கின்றனர். ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவரை ஏற்படுத்த வேண்டும் என்பது எத்திரோவின் அறிவுரை. இதனால் மோசேயின் மதிப்புக் குறையவில்லை. அவர் செய்யவேண்டிய பணியைச் செய்ய அவருக்கு நேரம் கிடைத்தது.

இரண்டாம் நிலையைப் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் காண்கிறோம். சாவதா வாழ்வதா என்னும் நெருக்கத்தில், தாம் உயிரோடிருப்பது அவர்களுக்கு மிகத் தேவையானது என்று பவுல் ஒப்புக்கொள்கிறார் (1:24). பொய்யான தாழ்மையால் அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் எதற்காகத் தேவை? அவர்கள் நம்பிக்கையில் வளர்ந்து மகிழ்வதற்காக (1:25). சில வரிகளுக்குப் பின்னர், தாம் அருகில் இல்லாதபோது அவர்கள் இன்னும் மிகுதியாகக் கீழ்ப்படிவதைப் பற்றிப் பேசுகிறார் (2:12). உடன் இருத்தலின் பயன், உடன் இல்லாதபோது அறியப்படுகிறது. ஊழியத்தின் மதிப்பை அறிய இதைவிட நேரான சோதனை வேறில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளராக நெடுங்காலம் இருந்த ஹென்றி வென் என்பவரும் இதே கருத்தை வலியுறுத்தினார். தன்னைத் தானே ஆளும், தன்னைத் தானே தாங்கும், தானே நற்செய்தியைப் பரப்பும் சபைகள் எழவேண்டும்; அவ்வாறு எழுந்தபின் மிஷனெரியின் தேவை இயல்பாகவே முடிவுறவேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கை நடைமுறையில் பலவிடங்களில் தாமதப்பட்டது என்பதும் வரலாறே. தேவைப்படுபவராயிருப்பதை விட்டுக்கொடுப்பது எவருக்கும் எளிதன்று.

6. வேலூர் தரும் எடுத்துக்காட்டு

இதனை நம் நாட்டில் நடந்த ஒரு பணியின் வரலாற்றால் விளக்கலாம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் இராணிப்பேட்டையில் மருத்துவ மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்தார். அமெரிக்காவில் கல்வி பயின்றுவிட்டுத் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக வந்து, மகப்பேற்றில் வருந்தும் தம் மனைவியருக்கு உதவ வருமாறு அவரை அழைத்தனர். அவரோ மருத்துவம் கல்லாதவர். மருத்துவரான அவர் தந்தை வர ஆயத்தமாயிருந்தும், ஆடவர் மருத்துவம் செய்வதை அக்குடும்பங்களின் வழக்கம் ஏற்கவில்லை. மறுநாள் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அந்த இரவே அவரை மருத்துவக் கல்விக்கு அழைத்தது. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

அவ்வட்டாரப் பெண்களுக்கு அவர் உண்மையாகவே இன்றியமையாதவராயிருந்தார். அந்நிலையிலேயே அவர் நின்றிருந்தால் போற்றத்தக்க ஒரு மருத்துவராக வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால் தாம் ஒருவரே தேவைப்படுபவராயிருப்பது ஒரு குறை என்று அவர் கண்டார். ஒரு பெண் மருத்துவர் ஓரிரவில் ஒரு வீட்டில்தான் இருக்க முடியும். அன்று அழைப்பு வந்தது மூன்று வீடுகளிலிருந்து. ஆகவே 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண்கள் மருத்துவம் கற்று வெற்றி பெறுவார்களா எனப் பலர் ஐயுற்ற காலம் அது. அவர்கள் கற்றனர், தேறினர், பல ஊர்களுக்குப் பணியாற்றச் சென்றனர்.

பின்னர் ஒரு நெருக்கடி வந்தது. 1930களின் பிற்பகுதியில், மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக உயரவேண்டும் என்னும் அரசின் விதியால் பள்ளியின் வருங்காலமே கேள்விக்குரியதாயிற்று. ஆடவரையும் சேர்த்துக்கொண்டு பல சபைகளின் கூட்டு முயற்சியாக வளர்வதே வழி எனத் தோன்றியது. பெண்களுக்கெனவே தொடங்கப்பட்டது பெண்களுக்கெனவே நிற்கவேண்டும் என்று நெடுநாள் ஆதரவாளர் சிலர் எதிர்த்தனர். பழைய நட்புகளுக்கு ஊறு நேரும் என்று அறிந்தும் அம்மையார் மாற்றத்தை ஏற்றார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1946இல் அவர் ஓய்வு பெற்றார். 1947இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். அதையடுத்து இந்தியப் பெண்மணியாகிய டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்திற்குத் தலைமை ஏற்றார். 1960இல் அம்மையார் மறைந்தபோது பணி நின்றுவிடவில்லை, பெருகியிருந்தது.

அவர் ஒருவரே இதைச் செய்தார் என்று கூறுவது அவருக்கே பொருந்தாத புகழாகும். உடன் உழைத்தோர் பலர். ஆயினும், தம்மைத் தேடி வந்த தேவையைத் தம் பெருமைக்கு அடித்தளமாக்காமல் பிறரைப் பயிற்றுவிக்கும் அழைப்பாக அவர் ஏற்றார் என்பது நம் கருத்துக்கு ஏற்ற சான்றாகும்.

7. நம் ஊழியத்திற்குப் பொருந்துமாறு

இக்கருத்துகளை ஆயர்களும் இறையியல் மாணவரும் தம் பணியில் கைக்கொள்ள உதவும் சில வழிகளைச் சுருக்கமாகக் குறிப்பிடுவோம்.

(அ) தேவையிலிருந்து தொடங்குதல். நான் எதில் சிறந்தவன் என்று கேட்பதற்கு முன், இங்கு எது செய்யப்படாமல் கிடக்கிறது என்று கேட்கவேண்டும். புதிதாக ஒரு சேகரத்திற்குச் செல்லும் இளம் ஆயர், தமக்கு விருப்பமான திட்டத்தோடு செல்வதைவிட, முதல் சில மாதங்களை வீடு வீடாகச் சென்று கேட்பதில் செலவிடுவது நலம்.

(ஆ) சிறியவற்றில் நம்பத்தக்கவராயிருத்தல். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரையும் நாளையும் பிழையின்றி எழுதுதல், கேட்கப்பட்ட சான்றிதழைச் சொன்ன நாளில் தருதல், கூட்டத்திற்குக் குறித்த நேரத்தில் வருதல் ஆகியவை எவரும் புகழாத பணிகள். ஆனால் இவற்றில் தவறுபவரின் அருளுரையை மக்கள் நெடுநாள் நம்பமாட்டார்கள்.

(இ) அறிவைப் பூட்டி வைக்காமை. ஆலயத்தின் நிலப் பத்திரம் எங்குள்ளது, கணக்கு எவ்வாறு எழுதப்படுகிறது, எக்குடும்பத்திற்கு என்ன உதவி செல்கிறது என்பவை ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால் அவர் தேவைப்படுவார். ஆனால் சபை அவருக்கு அடிமைப்படும். பொதுப் பணிக்குரியவை எழுதி வைக்கப்படவேண்டும். உரியவர் பார்க்கத் திறந்திருக்கவேண்டும். ஒருவர் நம்பிக்கையோடு ஆயரிடம் கூறிய மறைச்செய்தி மட்டுமே இதற்கு விலக்கு.

(ஈ) ஒவ்வொரு பணிக்கும் உடன் ஒருவரைச் சேர்த்தல். நோயாளரைச் சந்திக்கச் செல்லும்போது ஓர் இளைஞரை உடன் அழைத்துச் செல்லலாம். மன்றாட்டை வழிநடத்த ஒரு பெண்ணுக்குக் கற்பித்து, அவர் நடத்தும்போது பின்வரிசையில் அமரலாம். அவர் தடுமாறலாம், மாற்கும் ஒருகால் பாதியில் திரும்பினார். இரண்டாம் வாய்ப்பு அளிக்க ஒரு பர்னபா வேண்டும்.

(உ) விலகியிருந்து அறிதல். ஓய்வுநாளையும் விடுமுறையையும் எடுத்துக்கொள்ளாத ஆயர் உண்மையுள்ளவர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். தாம் இல்லாத வாரத்தில் சபை எவ்வாறு நடக்கிறது என்று அறிய அவர் அஞ்சுகிறாரோ என்றும் கேட்டுக்கொள்ளவேண்டும். ஒன்றும் நடவாவிடில், பயிற்றுவிக்க வேண்டியவர் உள்ளனர் என்று அறிகிறோம். நன்றாக நடந்தால், நம் உழைப்பு வீண்போகவில்லை என்று அறிகிறோம். இரண்டும் நன்மையே.

இவ்வழிகளைக் கைக்கொள்பவருக்குப் பதவி உறுதியாகும் என்று நாம் வாக்களிக்க இயலாது. அலுவலகங்களிலும், சில வேளைகளில் திருச்சபை நிறுவனங்களிலும், நன்கு உழைத்தவர் விலக்கப்படுவதுண்டு. அவ்வேளையில், "நீ இன்னும் திறமையாக உழைத்திருக்கலாம்" என்பது ஆறுதலாகாது; பல வேளைகளில் உண்மையுமாகாது. விலக்கியவர் அநீதி செய்திருப்பின் அதனை அநீதி என்றே சொல்வதும், வேலை இழந்தவரின் மதிப்பு வேலையோடு போய்விடவில்லை என்பதைச் செயலால் காட்டுவதும் சபையின் கடமையாகும்.

முடிவுரை

மனிதன் பயன்படுவதால் கடவுளின் பிள்ளையாகவில்லை. பிள்ளையாக ஏற்கப்பட்டதனால் பயன்படுகிறான். இவ்வரிசை மாறினால் உழைக்கும் காலத்தில் அச்சமும், உழைக்க இயலாத காலத்தில் அவநம்பிக்கையுமே எஞ்சும். வரிசை நிலைத்திருந்தால், நம்மிடமுள்ளதை அச்சமின்றிப் பிறருக்குக் கொடுக்கலாம். கொடுத்தபின் அமைதியோடு விலகி நிற்கலாம்.

அடுத்த பிரிவுபசாரக் கூட்டத்தில் நாம் பேச நேர்ந்தால், "இவர் இல்லாவிட்டால் இங்கு ஒன்றும் நடந்திராது" என்பதற்கு மாறாக, "இவர் இருந்ததனால், இனி இவர் இல்லாதபோதும் இங்குப் பணி நடக்கும்" என்று மனமாரச் சொல்லக்கூடிய நிலை வாய்க்கவேண்டும். அவ்வாறு சொல்லப்படுவதற்கு உரியவராக நாமும் வாழக் கடமைப்பட்டுள்ளோம்.